இடித்துரைப்பவனே துணைவன்

(கட்சித் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

"பயங்கரவாதத்தை ஒடுக்குவதில் முதலிடம் எதற்கு? நேச நாடுகளின் துணைக்கா, சொந்த நாட்டின் பாதுகாப்புக்கா?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடன், இரண்டும் இரண்டு கட்சிகள், ஒன்றைத் தழுவினால் மற்றொன்றைக் கைவிடவேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றச் செய்தவர்கள் யார், அதனால் விளைந்தது என்ன, அந்த விளைவிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

வாதம் நடந்த மேடை

இந்த வாதம் மிகத் தெளிவாக மேடையேறிய நாள் ஒன்று உண்டு. 2004 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள். அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்தில், கோரல் கேபிள்ஸ் நகரில் உள்ள மயாமிப் பல்கலைக் கழகத்தில், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட இருவர் எதிரெதிரே நின்று வாதிட்டனர். ஒருவர் பதவியிலிருந்த ஜார்ஜ் புஷ். மற்றவர் செனட் உறுப்பினர் ஜான் கெரி.

நேச நாடுகளைப் பகைத்துக்கொண்டு ஈராக்கின்மீது படையெடுத்தது தவறு என்றும், போர் தொடுக்கும் அரசு தன் செயல் நேர்மையானது என்பதை உலகுக்கு மெய்ப்பிக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்றும் கெரி வாதிட்டார். அமெரிக்க மக்களைக் காக்க அமெரிக்கா எவரிடமும் அனுமதி கேட்டு நிற்காது என்று புஷ் மறுத்தார். படையெடுத்தபோது உடன் வந்த நாடுகளைக் கெரி கணக்கிட்டபோது, போலந்தை மறந்துவிட்டீரே என்று புஷ் குறுக்கிட்டதும் அந்த மேடையில்தான்.

கேட்டவர்கள் என்ன எண்ணினர்? ஒருவர் துணையின் பக்கம், மற்றவர் பாதுகாப்பின் பக்கம் என்று எண்ணினர். உண்மை அதுவன்று. தம் நாட்டின் பாதுகாப்பில் தடைபோடும் அதிகாரத்தை எந்த நாட்டுக்கும் தரமாட்டேன் என்று கெரியும் அதே தேர்தல் காலத்தில் அறிவித்தவரே. ஈராக்குமீது படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் வழங்கிய 2002 ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தவரும் அவரே. தமக்குப் பின்னால் பல நாடுகள் இருப்பதாகப் பெருமை பேசியவர் புஷ். ஆகவே துணை வேண்டுமா, வேண்டாமா என்பது அங்கே வழக்கே அன்று. துணை என்றால் என்ன என்பதே வழக்கு. அதை இருவரும் முழுமையாகப் பேசவில்லை. நாம் பேசுவோம்.

கேட்காமலே வந்த துணை

மூன்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுங்கள். 2001 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள், கடத்தப்பட்ட விமானங்கள் நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்களையும் பென்டகன் மாளிகையையும் தாக்கின. ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். மறுநாளே ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் கூடி அக்கொடுமையைக் கண்டித்தது. அதே நாளில் நேட்டோ அமைப்பு தன் ஒப்பந்தத்தின் 5 ஆவது பிரிவைக் கையில் எடுத்தது. ஒரு நாட்டின்மீது விழும் அடி எல்லா நாடுகளின்மீதும் விழுந்த அடியாகும் என்பது அப்பிரிவின் சாரம். 1949 இல் எழுதப்பட்ட அந்தப் பிரிவு அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்பட்டதில்லை. ஐரோப்பாவை அமெரிக்கா காக்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வாசகம், முதன்முதலில் அமெரிக்காவைக் காக்கவே பயன்பட்டது!

சொல்லோடு நின்றதா? இல்லை. 2001 அக்டோபர் முதல் 2002 மே வரை நேட்டோவின் 7 கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வானிலே காவல் சுற்றின. அவற்றில் பணியாற்றியவர்கள் 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலகின் பெருவல்லரசு தன் சொந்த வானத்தைக் காக்க அயல்நாட்டு வீரர்களின் கண்களை நாடியது. அதனால் அதன் மானம் போய்விடவில்லை. அதன் காவல் வலுப்பட்டது. பின்னர் ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் தன் வீரர்களில் 457 பேரையும், கனடா 158 பேரையும் பறிகொடுத்தன. அந்தப் பெட்டிகள் இலண்டனிலோ ஒட்டாவாவிலோ விழுந்த குண்டுக்காக இறக்கப்பட்டவை அல்ல. நண்பன் வீட்டில் விழுந்த இடிக்காக நேசர்கள் கொடுத்த விலை அது.

துணையும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று கூறுவோர் இந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

வேண்டாம் என்றவர்கள்

இனி ஈராக்குக்கு வருவோம். 2002 நவம்பர் 8 ஆம் நாள், பாதுகாப்பு மன்றத்தின் 15 உறுப்பினர்களும் ஒருமனதாக 1441 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றினர். ஆயுதச் சோதனைக்கு உட்படவேண்டும் என்று சதாம் உசேனுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கை அது. சோதனையாளர்கள் சென்றனர், தேடினர், இன்னும் காலம் வேண்டும் என்றனர். வாஷிங்டனோ காத்திருக்க மனம் கொள்ளவில்லை.

அப்போதுதான் நேச நாடுகள் சில, 'வேண்டாம்' என்று சொல்லின. பிரான்சு சொல்லிற்று. ஜெர்மனி சொல்லிற்று. துருக்கி நாடாளுமன்றத்தில், தம் மண் வழியே அமெரிக்கப் படையை அனுமதிக்கும் தீர்மானம் 2003 மார்ச் 1 ஆம் நாள் வாக்குக்கு வந்தது. ஆதரித்தோர் 264, எதிர்த்தோர் 250, நடுநிலை வகித்தோர் 19. வந்திருந்தோரில் பாதிக்குமேல் ஆதரவு கிட்டாமையால் தீர்மானம் தோற்றது.

இவர்களெல்லாம் கோழைகளா? பயங்கரவாதத்துக்குப் பரிந்தவர்களா? அப்படித்தான் ஏசினார்கள்! அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உணவகத்தில், பிரெஞ்சு நாட்டின் பெயரைத் தாங்கிய உருளைக்கிழங்கு வறுவலுக்குச் 'சுதந்திர வறுவல்' என்று பெயர் மாற்றினார்கள். போர் வேண்டாமென்ற பிரான்சை எதுவும் செய்ய முடியாதவர்கள், வறுவலின்மீது படையெடுத்தார்கள்! நகைக்கத் தோன்றுகிறதல்லவா? ஆனால் நகைப்போடு விடத்தக்கதன்று இது.

அவர்கள் வறுவலுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலில் பன்னாட்டுக் காவற்படைக்குத் தலைமை தாங்கியவர் யார்? ஒரு ஜெர்மானியத் தளபதி! 2003 பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை ஜெர்மனியும் நெதர்லாந்தும் கூட்டாக அந்தப் பொறுப்பைச் சுமந்தன. அதற்கு முன்னால் சுமந்தது துருக்கி. பிரெஞ்சுச் சிறப்புப் படையினர் 2003 ஆம் ஆண்டு முதல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கரோடு தோளோடு தோள் நின்றனர். ஈராக்குப் போரை மறுத்தவர்கள் பயங்கரவாத எதிர்ப்பை மறுக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

கேளாத செவி

தோழர்களே! துணை என்றால் படை, பணம், ஆயுதம் என்று எண்ணுகிறோம். அவற்றினும் பெரிய உதவி ஒன்று உண்டு, அது எச்சரிக்கை.

ஈராக்கைவிட்டு வந்து ஜெர்மனியில் புகலிடம் கேட்ட பொறியாளர் ஒருவர், தம் நாட்டில் நோய்க்கிருமி ஆயுதங்களைச் செய்யும் நடமாடும் தொழிற்கூடங்கள் உள்ளன என்று ஜெர்மன் உளவுத் துறையிடம் கதைகதையாய்ச் சொன்னார். 'கர்வ்பால்' என்பது அவருக்கு இடப்பட்ட மறைபெயர். ஜெர்மானியர் அவர் கூற்றை அமெரிக்காவுக்குத் தெரிவித்தனர். பிறகு அவர்களுக்கே ஐயம் பிறந்தது. இந்த மனிதரின் பேச்சைச் சரிபார்க்க முடியவில்லை என்று 2002 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க உளவுத் துறைக்கு எச்சரித்தனர்.

என்ன நடந்தது? 2003 பிப்ரவரி 5 ஆம் நாள், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்பு மன்றத்தில் உலகமே பார்க்க எழுந்து, அந்த நடமாடும் தொழிற்கூடங்களை உறுதிப்பட்ட உண்மை போல எடுத்துரைத்தார். அந்தப் பொறியாளரை அமெரிக்க உளவுத் துறையினர் அதுவரை நேரில் விசாரித்தது இல்லை. நேரில் விசாரித்தது 2004 ஆம் ஆண்டில். போர் மூண்டு ஓராண்டு கழிந்தபின்! 2011 இல், தாம் சொன்னது கட்டுக்கதை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

2004 அக்டோபரில், அமெரிக்க அரசே அனுப்பிய ஆய்வுக் குழு, ஈராக்கில் பேரழிவு ஆயுதக் குவியல் ஏதும் இருக்கவில்லை என்று அறிக்கை தந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னே, செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த குழு, சதாம் அரசும் அல்-காயிதாவும் கூடிச் செயல்பட்டதற்குச் சான்று இல்லை என்று கூறியது. ஆயுதமும் இல்லை, தொடர்பும் இல்லை. ஆனால் போரினால் ஈராக்கில் பயங்கரவாதம் வேர்விட்டது. 2004 இல் அங்கே அல்-காயிதாவின் கிளை அறிவிக்கப்பட்டது. அந்தக் கிளையிலிருந்து வளர்ந்த நச்சு மரம்தான் 2014 ஜூனில் மொசூல் நகரையே விழுங்கியது. அதை மீட்க 2017 ஜூலை வரை ஆயிற்று. அந்தப் போரிலே அமெரிக்காவோடு அணிவகுத்த நாடுகள் 60க்கு மேல். 2003 இல் 'வேண்டாம்' என்ற பிரான்சும் அவ்வணியில் இருந்தது, ஜெர்மனியும் இருந்தது.

நண்பன் சொல் கேட்டிருந்தால்? இந்தக் கேள்வியைப் பாக்தாது வீதிகளில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்கிறாள். அமெரிக்க நாட்டுச் சிற்றூரில் கொடி போர்த்திய பெட்டியை வாங்கிய தாயும் கேட்கிறாள்.

நம் வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குற்றங்கண்டால் இடித்துரைக்கும் துணைவரைப் பெற்றவனைக் கெடுக்க எவராலும் முடியாது என்றும், அத்தகையோர் இல்லாத மன்னன் பகைவரே இல்லாவிட்டாலும் தானே அழிவான் என்றும் அங்கே உரைக்கிறார். மன்னர் காலத்துக்குச் சொன்னது வல்லரசுகளின் காலத்துக்கும் பொருந்துகிறது.

எண்ணிக்கைக் கூட்டணி

'எங்களுக்குத் துணை இல்லையா? பட்டியலைப் பாருங்கள்!' என்றது வெள்ளை மாளிகை. பட்டியலில் ஏறத்தாழ ஐம்பது நாடுகள் இருந்தன. படையெடுப்பில் போர்வீரரை இறக்கியவையோ அமெரிக்காவும், பிரிட்டனும், ஆஸ்திரேலியாவும், போலந்தும். பட்டியலில் கோஸ்டா ரிகா என்னும் நாடு இருந்தது. அந்நாட்டுக்குப் படையே கிடையாது! 2004 செப்டம்பரில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், அப்பட்டியலில் இடம்பெற்றது சட்டத்துக்குப் புறம்பு என்று தீர்ப்பளித்தது; பெயரை நீக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது.

ஸ்பெயின் நாட்டின் கதை இன்னும் ஆழமானது. அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் போரை எதிர்த்தனர். அரசோ போரை ஆதரித்துப் பின்னர் படையும் அனுப்பியது. 2004 மார்ச் 11 ஆம் நாள் காலை, மாட்ரிட் நகரில் நான்கு இரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாஸ்க் தீவிரவாதிகளே காரணம் என்று அரசு விடாமல் கூறியது. உண்மை வேறென்று வெளியாகத் தொடங்கியது. மூன்றே நாளில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி வீழ்ந்தது. புதிய அரசு ஈராக்கிலிருந்து படையைத் திருப்பி அழைத்தது.

'பயங்கரவாதிகளுக்குப் பணிந்தார்கள்' என்று தூற்றினர் சிலர். படையைத் திருப்புவோம் என்னும் வாக்குறுதி குண்டு வெடிக்குமுன்பே தரப்பட்டது. அதே ஸ்பெயின் 2005 ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்து மேற்குப் பகுதியில் கலாயி நவ் என்னும் ஊரில் புதிய பொறுப்பை ஏற்றது. பணிந்தவன் செய்யும் செயலா அது? தலைவனின் கையெழுத்தை மட்டும் பெற்று, மக்களின் மனத்தைப் பெறாமல் கட்டும் கூட்டணி அடுத்த தேர்தல் வரையில்தான் நிற்கும் என்பதே இதன் பாடம்.

விலைக்கு வாங்கிய துணை

'அப்படியானால் துணை என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாமா?' என்று கேட்பீர்கள். கூடாது. 2001 ஆம் ஆண்டு டிசம்பரில், தோரா போரா மலைக் குகைகளில் பின் லாடன் பதுங்கியிருந்தபோது, தரைப் போரைப் பெரிதும் உள்ளூர்க் குழுத் தலைவர்களிடம் அமெரிக்கா ஒப்படைத்தது. பணம் வாங்கியவர்கள் பாதையை அடைக்கவில்லை. பின் லாடன் தப்பினார். இதைத் தேர்தல் மேடையில் கடிந்தவர், கூட்டணிக்காக வாதாடிய அதே கெரிதான்!

உஸ்பெகிஸ்தானில் கரீமோவ் ஆட்சியோடு உறவு கொண்டு அமெரிக்கா ஒரு விமானத் தளம் பெற்றது. 2005 மே 13 ஆம் நாள், அந்திஜான் நகரில் திரண்ட மக்களை அந்த ஆட்சி சுட்டு வீழ்த்தியது. வாஷிங்டன் விசாரணை கேட்டது. கரீமோவ், தளத்தைக் காலிசெய் என்றார். கொடுங்கோலனின் நட்பு, கொடுமையைச் சுட்டிக்காட்டும் நாளிலே முறிகிறது.

பாகிஸ்தானைப் பாருங்கள். 2003 மார்ச்சில் செப்டம்பர் 11 சதியின் சூத்திரதாரியை இராவல்பிண்டியில் பிடிக்க உதவிய நாடு அது. 2004 இல் நேட்டோவுக்கு வெளியேயான முக்கிய நேச நாடு என்று அமெரிக்கா அதற்குப் பட்டமும் சூட்டியது. 2011 மே 2 ஆம் நாள் பின் லாடன் எங்கே கொல்லப்பட்டார்? அந்த நேச நாட்டில், அபோட்டாபாத் நகரில், படைக் கல்விக்கூடத்துக்கு அருகிலிருந்த மாளிகையில்! அந்த நடவடிக்கையை அமெரிக்கா தன் நேச நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவும் இல்லை. பெயரளவில் நட்பு, உள்ளளவில் ஐயம்.

துணைவனைக் கைவிட்ட கதையும் உண்டு. 2020 பிப்ரவரி 29 ஆம் நாள் தோகா நகரில் அமெரிக்கா தாலிபானோடு ஒப்பந்தம் செய்தது. பதினெட்டு ஆண்டுகள் உடன் நின்ற காபூல் அரசுக்கு அந்த மேசையில் இடமில்லை. அவ்வரசின் சிறையிலிருந்த 5,000 பேர் வரை விடுவிக்கப்படுவர் என்னும் வாக்குறுதி மட்டும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது! 2021 ஆகஸ்டு 15 ஆம் நாள் காபூல் வீழ்ந்தது. காரணங்கள் பல. துணைவனை வெளியே நிறுத்திவிட்டு எதிரியோடு பேசியதும் அவற்றில் ஒன்று என்பதை யார் மறுப்பர்?

விரைவு என்னும் வாதம்

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் எடைபோடுவோம். 'பத்துப்பேர் கூடிப் பேசினால் காலம் வீணாகும். குண்டு வைப்பவன் காத்திருப்பானா?' என்கின்றனர். 1999 இல் கொசோவோவுக்காக நேட்டோ 78 நாள் வான்தாக்குதல் நடத்தியபோது, தாக்கவேண்டிய இலக்குகளைப்பற்றி 19 உறுப்பு நாடுகளுக்கிடையே இழுபறி நேர்ந்தது உண்மையே. வீட்டுக்குள் புகுந்த கொலைகாரனைத் தடுக்க ஊர்க்கூட்டம் கூட்டவேண்டியதில்லை. ஐக்கிய நாடுகளின் சாசனமே 51 ஆவது பிரிவில் தற்காப்புரிமையை ஒப்புக்கொள்கிறது.

ஆனால், பயங்கரவாதியைப் பிடிப்பதில் விரைவு எங்கிருந்து வருகிறது? அவன் ஒரு நாட்டில் பணம் திரட்டுகிறான், வேறொரு நாட்டில் பயிற்சி பெறுகிறான், இன்னொரு நாட்டில் குண்டு வைக்கிறான். ஹாம்பர்க் நகரில் வசித்தவர்கள்தாம் நியூயார்க்கைத் தாக்கச் சென்றார்கள். அவன் தங்கும் தெருவை அறிந்தவர் அவ்வூர்க் காவலர். அவன் கணக்கைப் பார்க்கக் கூடியது அந்நாட்டு வங்கி. அவனை அனுப்பிவைக்கக் கூடியது அந்நாட்டு நீதிமன்றம். விமானந்தாங்கிக் கப்பலைக் கொண்டு வங்கிக் கணக்கைச் சோதிக்க இயலுமா? நண்பர் இருந்தால் ஒரு தொலைபேசியில் முடிவது, நண்பர் இல்லையேல் ஓராண்டிலும் முடியாது.

நாம் கொள்ளவேண்டிய நெறி

நம் நாடு என்ன செய்தது? 2003 ஏப்ரல் 8 ஆம் நாள் நம் மக்களவை ஈராக்குப் போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. ஐக்கிய நாடுகளின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்புவதற்கில்லை என்று 2003 ஜூலை 14 ஆம் நாள் இந்திய அரசு முடிவு செய்தது. அதனால் அமெரிக்க நட்பு முறிந்துவிட்டதா? 2008 நவம்பர் 26 ஆம் நாள் மும்பையில் 166 பேரைப் பலிகொண்ட தாக்குதல் நடந்தபின், அதற்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி 2009 அக்டோபரில் சிகாகோவில் பிடிபட்டார். 2010 இல் நம் அதிகாரிகள் அங்கே சென்று அவரை விசாரித்தனர். 2016 இல் அவர் காணொலி வழியே மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவ்வழக்கில் தேடப்பட்ட தகாவூர் ராணா 2025 ஏப்ரலில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

பதினாறு ஆண்டுகள் ஆயின; ஹெட்லியை நம்மிடம் ஒப்படைக்கவும் இல்லை. குறை உண்டு, தாமதம் உண்டு. நம் நாடு 1996 இல் முன்மொழிந்த பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை கால் நூற்றாண்டு கடந்தும் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் முடிவு காணவில்லை. எனினும், மறுக்கவேண்டிய இடத்தில் மறுத்த இந்தியாவுக்கு உதவவேண்டிய இடத்தில் உதவி வந்தது. 'இல்லை' என்று சொல்வதால் நட்பு சாவதில்லை.

ஆகவே, நாளை நம் நாட்டை எந்த வல்லரசாவது 'பயங்கரவாதத்தை ஒழிக்கும் கூட்டணிக்கு வா' என்று அழைக்குமானால், நம் கட்சி மூன்று கேள்விகளை எழுப்பவேண்டும். அக்கூட்டணியில் மறுத்துப் பேச இடம் உண்டா? நாம் தரும் எச்சரிக்கைக்கு அங்கே செவி உண்டா? நம் மக்களின் மன்றத்தில் வெளிப்படையாக வைத்து ஒப்புதல் பெறத்தக்க நிபந்தனைகளா அவை? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால், அது நம் பாதுகாப்பை வளர்க்கும் துணை. ஒன்றுக்கேனும் விடை இல்லையானால், அது பட்டியலை நீட்டுவதற்கான அழைப்பு. படையில்லாத நாட்டின் பெயரைக்கூட அதில் எழுதிக்கொள்வார்கள்.

அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும், தோழர்களே. அண்டை நாடு நம்மை எச்சரித்தால் அதைப் பகைமை என்று தள்ளிவிடக் கூடாது. பாதுகாப்பின் பெயரால் அரசு ஒரு செயலைத் தொடங்கும்போது, சான்று எங்கே என்று கேட்பவனைத் துரோகி என்று ஏசக் கூடாது. அவன் வாயை அடைத்த நாடு, தன் வீட்டுக் காவல்நாயைத் தானே கட்டிப்போட்ட நாடாகும். எல்லை காக்கும் வீரனின் உயிர் விலைமதிப்பற்றது. அந்த உயிரைப் பொய்யான காரணத்துக்காகக் களத்துக்கு அனுப்பாமல் காப்பதும் நாட்டுப் பாதுகாப்பேயாகும்.

இதை ஊர்தோறும் எடுத்துச் சொல்லுங்கள். துணையா, பாதுகாப்பா என்று எவரேனும் கேட்டால், இடித்துரைக்கும் துணையே பாதுகாப்பு என்று விடை கூறுங்கள்.